வெளிக்களத் துப்பாக்கி சுடுதலில் பாதுகாப்புக் கண்ணாடி மங்காதிருக்க: மதுரைக்கு எந்த வழி பொருந்தும்?

சித்திரை மாதத்து நண்பகலில் மதுரையின் வெப்பநிலை 39 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும்போது, துப்பாக்கி சுடுபவர் அணிந்திருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிவது அபூர்வம். அதே கண்ணாடி ஐப்பசியிலோ கார்த்திகையிலோ, இரவெல்லாம் பெய்த மழை விட்ட ஒரு காலையில், சுடும் வரிசையில் நின்ற இரண்டொரு நிமிடங்களுக்குள் வெள்ளையாகப் பூத்துப்போய் இலக்கை மறைத்துவிடுகிறது. கடும் வெயிலில் தொல்லை தராத பொருள் இதமான காலையில் தொல்லை தருவது முதலில் வியப்பாகத் தோன்றலாம். ஆனால் மங்கலைத் தடுப்பதற்கென்று விற்கப்படும் பலவகைப் பொருள்களில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்ற முடிவு இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதிலிருந்தே தொடங்க வேண்டும். அவற்றில் பல, பனிச்சறுக்கு விளையாட்டுக்கும் குளிர்நாட்டு வேட்டைக்கும் உருவானவை. வைகைக் கரையின் தட்பவெப்பத்துக்கு அவை அப்படியே பொருந்திவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

காற்றில் கலந்திருக்கும் நீராவி எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் நீராக மாறத் தொடங்குகிறதோ, அந்த வெப்பநிலையைப் பனிநிலை என்கிறோம். வில்லையின் பரப்பு, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றின் பனிநிலையைவிடக் குளிர்ந்திருந்தால் அதன்மேல் நுண்துளிகள் படியும். அத்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் பார்வை மங்கும். கண்ணாடி அணிந்தவரைப் பொறுத்தவரை, வில்லைக்கும் முகத்துக்கும் இடையே சிக்கிக்கொண்டிருக்கும் சிறிதளவு காற்றுதான் பெரும்பாலும் இதை முடிவுசெய்கிறது. முகத்தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 34 அல்லது 35 டிகிரி. அதிலிருந்து வியர்வை ஆவியாகி அந்த இடைவெளியை நிரப்பும்போது, அங்குள்ள காற்றின் பனிநிலை வெளிக்காற்றின் பனிநிலையைவிட வெகுவாக உயர்ந்துவிடும். மே மாத வெயிலில் வில்லையே 39 டிகிரியில் இருப்பதால் அந்த நீராவி அதன்மேல் படிய வழியில்லை. அப்போது பார்வையைக் கெடுப்பது நெற்றியிலிருந்து வழிந்து சொட்டும் வியர்வை மட்டுமே. மார்கழிக் காலையில் வில்லை 22 டிகிரியை ஒட்டி இருப்பதால், முகத்தின் வெப்பம் ஏற ஏற, ஆவி உடனே படிகிறது. ஆக, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலிருந்து தை பிறக்கும்வரையிலான காலைகளே மதுரைக்காரர் கவலைப்பட வேண்டிய காலம். சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் நீர் நிற்கும் வயல்களை ஒட்டிய திறந்தவெளியானால் இக்கவலை இன்னும் சற்று நீளும்.

இதற்கு வெளியே, முகத்துக்கும் வியர்வைக்கும் தொடர்பில்லாத ஒரு காரணமும் உண்டு. அதைக் களைய ஒரு காசும் செலவாகாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடலாம். குளிர்சாதனம் ஓடும் காரில் 22 டிகிரிக்குக் குளிர்ந்த கண்ணாடியை, 29 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அக்டோபர் காற்றுக்குள் கொண்டுவந்தால் அது மங்கியே தீரும். ஏனெனில் அக்காற்றின் பனிநிலை 25 டிகிரி. இவ்வாறு வரும் மங்கல் வில்லையின் உட்புறம், வெளிப்புறம் இரண்டிலும் படிவதால், உட்புறத்துக்கு மட்டும் தடவிய பூச்சு எதுவும் இதற்கு முழுமையாக உதவாது. கண்ணாடியைக் காரின் பின்பெட்டியில், குளிர்காற்று படாத பையில் வைத்துக் கொண்டுவருவதோ, வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அதை வெளியே எடுத்து நிழலில் வைத்துவிட்டு, பதிவேட்டில் கையெழுத்து, தோட்டாக் கணக்கு முதலிய காரியங்களைப் பார்ப்பதோ போதும்; பாலிகார்பனேட் என்னும் உறுதியான பிளாஸ்டிக்கால் ஆன மெல்லிய வில்லை சில நிமிடங்களில் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வந்துவிடும். பூச்சு வேலை செய்யவில்லை என்று கடைக்காரரிடம் குறைப்பட்டுக்கொள்வதற்கு முன் இந்தக் காரணத்தை நீக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

வழிகளை ஒப்பிடுமுன், எந்தக் கண்ணாடியையும் தகுதியிழக்கச் செய்யும் ஒரு நிபந்தனை இருக்கிறது. சுடுதளத்தில் கண்ணாடி அணிவது தோட்டாவின் அடிப்பகுதி வெடித்துப் பின்னோக்கிப் பீறிடும் சூடான வாயு, எரியாத மருந்துத் துகள், பக்கத்தில் நிற்பவரின் துப்பாக்கியிலிருந்து தெறிக்கும் வெற்றுத் தோட்டா, கடினமான பரப்பில் பட்டுத் திரும்பும் ஈயத்துண்டு ஆகியவற்றுக்காக. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட, வானில் எறியப்படும் தட்டைச் சுடும் டிராப் போட்டியில், 110 மில்லிமீட்டர் அகலமும் ஏறத்தாழ 105 கிராம் எடையும் கொண்ட தட்டு வானில் உடைந்து சிதறுகிறது. அவ்வகைப் போட்டிக் களங்களில் அச்சில்லுகளும் இக்கணக்கில் சேரும். ஆகவே மோதலைத் தாங்கும் தரக்குறி இல்லாத கண்ணாடி, எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இந்த ஒப்பீட்டுக்குள் வராது. அமெரிக்கத் தரமான இசட் 87-இல் கூட்டல் குறியுடன் வரும் கண்ணாடி, 6.35 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு நொடிக்கு 45.7 மீட்டர் வேகத்தில் மோதுவதைத் தாங்க வேண்டும், ஐரோப்பிய இ.என். 166 தரத்தில் எஃப் என்ற எழுத்து கிட்டத்தட்ட அதே வேகத்தைக் குறிக்கிறது. அமெரிக்கப் படைத்தரத்துக்கு ஏற்பச் செய்யப்படும் கண்ணாடிகள் நொடிக்கு சுமார் 200 மீட்டர் வேகத்தில் வரும் சிறு எறிபொருளைத் தாங்குமாறு சோதிக்கப்படுகின்றன. ஷாட்கன் என்னும் சிதறுகுண்டுத் துப்பாக்கியைப் பயன்படுத்துபவர், விலை கட்டுப்படியானால், இவ்வகையைத் தேடுவது நியாயம். இந்திய அளவில் ஐ.எஸ். 5983 கண்காப்புச் சாதனங்களுக்கான தரம். மங்காத கண்ணாடி என்று எழுதியிருக்கும் அட்டைப்பெட்டியைப் புரட்டி இந்தக் குறிகளை முதலில் தேட வேண்டும்.

இனி வழிகளுக்கு வரலாம். என் மதிப்பீட்டில் மதுரைக்கு முதலிடம் பெறுவது காற்றோட்டம். அதாவது கண்ணாடிச் சட்டம் முகத்தில் எப்படி உட்காருகிறது என்பது. முகத்தோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும் வட்டக் கவசங்கள் தூசியைத் தடுப்பதில் சிறந்தவை, ஆனால் மங்குவதிலும் அவையே முதலிடம். சட்டத்தின் உட்புறம் நுரைப்பட்டை வைத்த கண்ணாடிகளும் ஓரளவு அப்படித்தான். மூக்குத்தாங்கியை வளைத்தோ மாற்றியோ வில்லையை முகத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னே தள்ளினாலே, கீழிருந்து உள்ளே வரும் காற்று சூடேறி மேல்விளிம்பு வழியே வெளியேறப் பாதை கிடைத்துவிடுகிறது. இந்தச் சிறு மாற்றம் பல பூச்சுகளைவிட அதிகப் பலன் தருகிறது. கடையில் கண்ணாடியை வாங்கும்போது அதைப் போட்டுக்கொண்டு நன்றாகச் சிரித்துப் பார்க்க வேண்டும்: கன்னம் எழும்பிச் சட்டத்தின் கீழ்விளிம்பைத் தொட்டால், கீழே காற்று நுழையும் வழி அடைபடுகிறது என்று பொருள், துப்பாக்கியின் பின்கட்டையில் கன்னத்தைப் பதிக்கும்போது அதே சட்டம் மேலே தள்ளப்பட்டுப் புருவத்தில் முட்டி, மேல்வழியும் அடைபடும். 

காற்றோட்டத்துக்கு ஒரு விலை இருக்கிறது. காற்று நுழையும் வழியில் துகளும் நுழையும். மேல்விளிம்பில் இடைவெளி பெரிதாக இருந்தால், மேலே தெறித்து விழும் சூடான வெற்றுத் தோட்டா வில்லைக்கும் புருவத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். அந்த நொடியில் சுடுபவர் பதறி, கையிலிருக்கும் ஆயுதத்தின் குழல்முனையைத் திசைமாற்றிவிடுவதே கண்ணில் படும் சூட்டைவிடப் பெரிய ஆபத்து. ஆனால் இதற்கு மாற்று எளியது: முன்மடல் உள்ள தொப்பி. மடல் மேலிருந்து வருவதைத் தடுத்துவிடும். பக்கவாட்டைச் சுற்றிவளைந்து வரும் சட்டம் பார்த்துக்கொள்ளும். மேல்விளிம்பில் சிறு துளைகள் வெட்டிய, பக்கங்களில் வளைந்து மூடிய, புருவத்தைத் தொடாத சட்டம் என்பதுதான் நான் தேடச் சொல்லும் வடிவம். கப்பலூர் போன்ற தொழிற்பேட்டைகளில் பட்டறைத் தொழிலாளர் அணியும் எளிய கண்ணாடிகளிலேயே இந்த வடிவம் கிடைக்கிறது. சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

தொப்பியைப் பற்றிய பேச்சு வியர்வைக்கு இட்டுச்செல்கிறது. இடைவெளிக் காற்றை ஈரமாக்குவது நெற்றியும் புருவமும்தான் என்றால், அவற்றை உலர்ந்ததாக வைத்திருப்பது நோயை வேரிலேயே பிடிப்பதாகும். தொப்பியின் உட்பட்டைக்குக் கீழே மெல்லிய பருத்தித் துணிப்பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்வதும், ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே சுடும் வரிசையை விட்டு விலகிவந்து, தோளில் கிடக்கும் துண்டால் முகத்தையும் கழுத்தையும் துடைப்பதும், சித்திரை வெயிலுக்கும் கார்த்திகை ஈரத்துக்கும் ஒருசேரப் பயன்படும் ஒரே வழி என்பதைக் கவனிக்க வேண்டும். பூச்சுகள் நுண்துளிகளைத்தான் சமாளிக்கும்; வில்லையில் சொட்டி வழிந்து உப்புக்கோடு போடும் வியர்வைத் துளியை எந்தப் பூச்சாலும் மறைக்க முடியாது. கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் இங்கேயே கைவிட வேண்டும். வியர்த்த தலைமுடியின் ஈரமும் எண்ணெயும் நேராக வில்லையின் உட்புறத்துக்குப் போய்ச் சேர்கின்றன. தலைக்கு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவும் நம்மவர்களுக்கு இது சற்று அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி.

அடுத்து, தொழிற்சாலையிலேயே மங்கல்தடுப்புப் பூச்சிட்டு வரும் வில்லை. பேச்சுவழக்கில் ஆன்டி-ஃபாக் கண்ணாடி. இப்பூச்சு நீரை விலக்குவதில்லை, ஈர்க்கிறது. படியும் நீரைத் தனித்தனித் துளியாக நிற்கவிடாமல் மெல்லிய சீரான படலமாகப் பரப்பிவிடுவதால், ஒளி சிதறாமல் ஊடுருவிச் செல்கிறது. இந்த இயல்பைத் தெரிந்துகொள்ளாமல், காரின் முன்கண்ணாடியில் மழைநீர் ஒட்டாதிருக்க விற்கப்படும் திரவத்தை வில்லையின் உட்புறத்தில் தடவுபவர்கள் எதிர்ப்பலனைத்தான் காண்பார்கள்: அது வில்லையைத் தாமரை இலை போலாக்கி, ஆவியை இன்னும் தெளிவான துளிகளாகத் திரட்டிவிடும். பூச்சிட்ட வில்லையை வாங்கும்போது இ.என். 166 தரத்தில் என் என்ற எழுத்தையும், இசட் 87 தரத்தின் 2020 பதிப்பில் எக்ஸ் என்ற எழுத்தையும் தேடலாம். கீறலைத் தாங்கும் தன்மைக்கு ஐரோப்பியத் தரத்தில் கே என்ற எழுத்து. 

ஆனால் அக்குறி எதை உறுதிசெய்கிறது என்பதை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பியச் சோதனையில், சுடுநீரின் ஆவிக்கு மேலே வைத்த வில்லை குறைந்தது 8 விநாடிகள் தெளிவாக இருந்தால் அது தேறிவிடும். கார்த்திகைக் காலையில் ஒருவர் சுடும் வரிசையில் நிற்பது அதைவிடப் பல மடங்கு நேரம். எனவே குறியுள்ள எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவுக்குச் சிறந்ததென்றோ, ஒருபோதும் மங்காதென்றோ கொள்ளலாகாது. பூச்சுகளில் சில நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் வகை. அவை ஓர் எல்லைவரை அருமையாக வேலை செய்து, நிறைந்தபின் திடீரெனக் கைவிட்டுவிடும். அப்போது கண்ணாடியைக் கழற்றிக் காற்றில் உலரவிட்டால் பூச்சு மீண்டும் உயிர்பெறும். அவசரப்பட்டுச் சட்டை நுனியால் துடைத்தால், நீரில் ஊறி மென்மையாகியிருக்கும் பூச்சு கீறிப்போகும். மேலூர்ப் பக்கத்துக் கல்தூசியோ செம்மண் புழுதியோ படிந்த வில்லையை உலர்ந்தவாறே தேய்ப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும். முதலில் நீரை ஊற்றித் தூசியை மிதக்கவிட்டு, பிறகு மெத்தென்ற நுண்ணிழைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் வீடுகளில், கடைசி அலசலுக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் வெண்திட்டு படியாது. இப்படிப் பேணத் தெரிந்தவருக்கு ஆன்டி-ஃபாக் வில்லை கொடுத்த காசுக்குப் பயன் தரும். பேணாதவருக்கு அது ஒரு மழைக்காலத்தோடு சாதாரண வில்லையாகிவிடும்.

கையால் தடவிக்கொள்ளும் தெளிப்பான்கள், களிம்புகள், நனைத்த துடைதாள்கள் ஆகியவையும் அடிப்படையில் இதே வேலையைத் தற்காலிகமாகச் செய்பவைதான். பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள் ஒன்று வில்லையில் மெல்லிய அடுக்காகப் படிந்து, நீரைப் படலமாகப் பரப்புகிறது. பூச்சில்லாத பழைய கண்ணாடியை வைத்திருப்பவருக்கு இவை மலிவான மாற்று. ஒரு காலைப் பயிற்சிக்குப் போதுமான நேரம் தாங்கும். குறை என்னவென்றால், அதிக அளவில் தடவினால் வில்லையில் எண்ணெய் பூசியது போன்ற மங்கலும் கோடுகளும் நின்றுவிடும். துளைக்குறியின் வழியே சிறு கரும்புள்ளியைப் பார்த்துச் சுடும் ரைஃபிள்காரருக்கு அந்தக் கோடே ஆவியைவிடப் பெரிய இடைஞ்சல். வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் வழிந்தால் எரியும் என்பது மற்றொன்று. ஆகவே முந்தைய இரவே தடவி, உலர்ந்தபின் மெல்லத் துடைத்து மெருகேற்றி வைத்துக்கொள்வதே முறை; சுடும் வரிசையில் நின்றுகொண்டு தெளிப்பது கூடாது. பூச்சுள்ள வில்லையின்மேல் இவற்றைத் தடவலாமா என்பதற்குத் தயாரிப்பாளரின் குறிப்பைத்தான் பார்க்க வேண்டும். சில பூச்சுகளை ஆல்கஹால் கலந்த தெளிப்பான்கள் அழித்துவிடுகின்றன.

வீட்டுப் பொருள்களில், ஒரு துளி குழந்தை ஷாம்புவைச் சில துளி நீரில் கலந்து உட்புறம் தடவி, உலர்த்தி, தெளியும்வரை துடைப்பது ஒன்றுதான் நான் ஏற்கும் வழி. பற்பசையில் தேய்க்கும் தூள் இருப்பதால் அது பாலிகார்பனேட்டை நிச்சயமாகக் கீறும். மழையில் லாரி ஓட்டுநர்கள் முன்கண்ணாடியில் தேய்க்கும் உருளைக்கிழங்கும் புகையிலையும் கெட்டியான கண்ணாடிக்கு ஒத்துவரலாம். விரல் அகலத்தில் கண்ணுக்கு முன்னே இருக்கும் பிளாஸ்டிக் வில்லையில் அவை விடும் கறையைப் பொறுக்க முடியாது. சுங்குடிச் சேலை அலசும் வீடுகளில் இருக்கும் பூந்திக்கொட்டையில் நுரைக்கும் பொருளான சபோனின் இருப்பதால் கொள்கையளவில் அதுவும் வேலை செய்ய வேண்டும்தான். ஆனால் வடிகட்டிய பிறகும் தங்கும் பழுப்பு நிறமும் நுண்துகளும் அதைச் சேலைக்கே விட்டுவிடச் சொல்கின்றன. பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன், அம்மோனியா கலந்த சன்னல் துடைப்பான் ஆகியவை பாலிகார்பனேட்டை வெடிப்புவிடச் செய்யக்கூடியவை என்பதால் அருகிலேயே கொண்டுவரக் கூடாது. காலை நேரத்துக் கொசுவுக்குக் கைகளில் தடவிக்கொள்ளும் விரட்டிகளில் டீட் என்னும் வேதிப்பொருள் உள்ளவையும் பிளாஸ்டிக்கை அரிக்கும். அதைத் தடவிய விரலால் வில்லையைத் தொடாதிருப்பது நல்லது.

இரட்டை வில்லைக் கவசமும் மின்விசிறி பொருத்திய கவசமும் மதுரைக்கு அவசியமில்லை என்பதே என் முடிவு. இரண்டு வில்லைகளுக்கு நடுவே அடைபட்ட காற்று வெப்பத்தைக் கடத்தாமல் தடுப்பதால் உள்வில்லை முகத்தின் வெப்பத்துக்கு அருகிலேயே இருக்கும். வெளியே பூச்சியத்தை ஒட்டிய குளிர் என்றால் இது பெரும் உதவி. நம் ஊரில் வில்லைக்கும் முகத்துக்கும் வெப்ப வேறுபாடு பத்துப் பன்னிரண்டு டிகிரியைத் தாண்டுவதே அரிது. அதற்காகக் கூடுதல் எடையையும், இரு பரப்புகளுக்கிடையே தோன்றும் ஒளிப்பிரதிபலிப்பையும், முகத்தை அடைத்து வியர்க்கவைக்கும் கவச வடிவத்தையும் ஏற்றுக்கொள்வது லாபமாகாது. கொடைக்கானல் மலையில் மார்கழியில் பயிற்சி செய்பவருக்கு இக்கணக்கு மாறும். சிறு விசிறி வைத்த கவசங்கள், சாயக்குண்டுகளைச் சுட்டு விளையாடும் பெயின்ட்பால் ஆட்டக்காரர்களுக்கானவை. மின்கலமும் இரைச்சலும் கூடவே வரும். காற்று வேண்டுமென்றால் சுடுதளக் கொட்டகையில் ஒரு நிலைவிசிறியை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது சுடுபவரின் முதுகுப்புறத்திலிருந்து இலக்கை நோக்கி வீச வேண்டும். முகத்துக்கு எதிரே வைத்தால் புகையையும் ஈயத்தூசியையும் மூக்குக்கே திருப்பி அனுப்பும்.

பவர் கண்ணாடி அணிபவர்களின் நிலை வேறு. மேலே சொன்ன வரிசை அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. பவர் கண்ணாடிக்கு மேல் பெரிய பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்வதுதான் பலரும் செய்வது. இதில் மங்கக்கூடிய பரப்புகள் இரண்டிலிருந்து நான்காகின்றன. இரண்டு சட்டங்களுக்கும் நடுவே காற்று நகர்வதுமில்லை. பூச்சை எங்கே தடவினாலும் விட்டுப்போன பரப்பில் ஆவி படியும். இவர்கள் தெளிப்பான், துடைதாள் என்று சிறுகச் சிறுகச் செலவழிப்பதைவிட, மோதலைத் தாங்கும் பாலிகார்பனேட் அல்லது அதுபோன்ற பிளாஸ்டிக்கான டிரைவெக்ஸ் வில்லையிலேயே தம் பவரைப் போட்டு, பக்கக்காப்புள்ள சட்டத்தில் பொருத்திக்கொள்வது நெடுநாள் நோக்கில் சிக்கனம். 1976-இல் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கப்பட்ட இந்த ஊரில் கண் பரிசோதனைக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் வில்லைக்கு ஆர்டர் கொடுக்கும்போது மோதல் தரக்குறி வில்லைக்கும் சட்டத்துக்கும் சேர்த்து வேண்டும் என்று வலியுறுத்திக் கேட்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் அணிந்து மேலே சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி போடுவதும் மங்கலைப் பாதியாக்கும் வழிதான்; புழுதி நிறைந்த களத்தில் எல்லோருடைய கண்ணும் அதைப் பொறுக்காது.

எந்த வகைச் சுடுதல் என்பதும் முடிவை மாற்றும். டிராப்பில் ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். சுடுபவர் நின்றபடி தலையைப் பின்கட்டையில் சாய்த்துக்கொண்டு, வில்லையின் மேற்பகுதியில் மூக்கை ஒட்டிய மூலை வழியாகவே பார்க்கிறார். புருவத்துக்கு மிக அருகில் இருக்கும் அந்த மூலைதான் முதலில் மங்கும் இடமும். எனவே ஷாட்கன்காரர் உயரமான வில்லையும், சட்டத்தை மேலே தூக்கி நிறுத்தும் மூக்குத்தாங்கியும் உள்ள கண்ணாடிக்கு முன்னுரிமை தர வேண்டும். அதன்மேல் ஆன்டி-ஃபாக் பூச்சும் இருந்தால் நலம். படுத்துச் சுடும் ரைஃபிள்காரருக்கு நிலத்தின் ஈரமும், தாடையைக் கட்டையில் பதித்து மெல்ல விடும் மூச்சும் சேர்ந்துகொள்கின்றன. விரிப்பைத் தடித்ததாகப் போட்டு, மூச்சை வாயின் ஓரத்தால் கீழ்நோக்கி விடப் பழகினால் பாதித் தொல்லை தீரும். ஒற்றை வில்லையைக் கம்பியில் தொங்கவிட்ட போட்டிச் சட்டங்கள் நான்கு பக்கமும் திறந்திருப்பதால் மங்குவது அரிது. அவை குறிபார்க்கும் கருவி என்ற அளவில் நல்லவை, பக்கத்துச் சுடுதடத்திலிருந்து வரும் துகளைத் தடுக்கும் காப்பாக அவற்றை எண்ணக் கூடாது. பிஸ்டல்காரரின் கன்னத்தை எதுவும் தொடாததால் அவருக்குச் சிக்கல் மிகக் குறைவு. காற்றோட்டமுள்ள சட்டமும் தொப்பியும் பெரும்பாலும் போதும்.

ஆகக் குறைந்த செலவில் தொடங்குபவர், மோதல் தரக்குறியுள்ள காற்றோட்டச் சட்டம், தொப்பி, துண்டு, குழந்தை ஷாம்பு என்ற நான்கோடு ஐப்பசிக் காலை ஒன்றில் சோதித்துப் பார்க்கட்டும். அதிலும் மங்கினால் ஆன்டி-ஃபாக் வில்லைக்குப் போகலாம். வாரம் தவறாமல் களத்துக்கு வருபவரும், ஷாட்கன்காரரும் நேரே அதற்கே போவதில் தவறில்லை. இரண்டு கண்ணாடிகளை வைத்துக்கொண்டு சுற்றுக்குச் சுற்று மாற்றி அணிவதையும் யோசிக்கலாம். ஒன்று உலர்ந்துகொண்டிருக்கும்போது மற்றொன்று முகத்தில் இருக்கும். இரண்டு எளிய கண்ணாடிகளின் விலை ஒரு விலையுயர்ந்த கண்ணாடியின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவு.

இத்தனைக்குப் பிறகும் சுடும் வரிசையில் கண்ணாடி மங்கிவிட்டால், ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுடுவதோ, மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு மேலே பார்ப்பதோ எந்தக் காரணத்தாலும் கூடாது. விரலை விசையிலிருந்து எடுத்து, குழல்முனையை இலக்குத் திசையிலேயே வைத்து, தோட்டாவை வெளியேற்றி, ஆயுதத்தைத் திறந்த நிலையில் மேசையில் வைத்துவிட்டு, தளப் பொறுப்பாளருக்குத் தெரிவித்து, சுடும் வரிசைக்குப் பின்னே போன பிறகே கண்ணாடியைக் கழற்ற வேண்டும். நாம் சுடவில்லை என்றாலும் பக்கத்தில் இருப்பவர் சுட்டுக்கொண்டிருப்பார்.

பூச்சு இன்னும் வேலை செய்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். அகன்ற பாத்திரத்தில் ஆவி பறக்கும் சுடுநீரை வைத்து, கை சுடாத உயரத்தில் கண்ணாடியின் உட்புறத்தைக் காட்டி மெதுவாக எட்டுவரை எண்ண வேண்டும். வில்லை முழுவதும் தெளிவாக இருந்தால் பூச்சு நலமாக இருக்கிறது. மூக்கை ஒட்டிய மேல்மூலை மட்டும் மங்கினால், நாம் விரலால் துடைத்துத் துடைத்து அங்கே பூச்சு தேய்ந்துவிட்டது. இனி அதைச் சாதாரண வில்லையாகக் கருதி ஷாம்புவோ தெளிப்பானோ பயன்படுத்தலாம். நிறுத்தி வைத்த காரின் முகப்புப் பலகையில் மே மாதம் முழுக்கக் கிடந்த கண்ணாடியின் பூச்சு சில வேளைகளில் நுண்ணிய வெடிப்புகளாகப் பிரிந்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் தெரியும். பாலிகார்பனேட்டிலேயே ஆழமான கீறலோ, திருகாணித் துளையைச் சுற்றி வெடிப்போ கண்டால் அது மோதலைத் தாங்கும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். அதை வீட்டில் மரம் அறுக்கவும் களை வெட்டவும் எடுத்து வைக்காமல், வேறு யாரும் எடுத்து அணிய முடியாதபடி இரண்டாக ஒடித்துப் போட்டுவிட வேண்டும்.